மெல்லக் கரையும் மருந்து



மூக்கடைப்பு என்று காரணம் எழுதி யாரும் விடுப்புக் கேட்பதில்லை. வீட்டில் சொன்னால், "சளிதானே, ஆவி பிடி, சரியாயிடும்" என்பார்கள். காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மி, கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்து, மேலண்ணத்து அரிப்பை நாக்கால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு, அரைத் தூக்கத்தோடு பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கு அது வெறும் சளி இல்லை. மாத்திரை போட்டால் அன்றைக்கு அடங்கும். விட்டால் மறுநாள் திரும்பி வரும். இப்படியே வருஷங்கள் ஓடிவிடும்.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை இப்படித் தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மருந்தாக்கி, தோலுக்கு அடியில் மெல்ல மெல்லக் கரையும்படி ஊசியாகப் போடுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது. மகரந்த ஊசி தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டுத் தொடங்கியவர்களிலும் பாதியில் விட்டவர்கள் நிறைய.

இந்த விஷயம் என் மனதில் ஏறியதற்குக் காரணம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் எழுதும் கடிதங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரி வரும்: "ஊரில் இருந்தவரைக்கும் ஒன்றுமே இல்லை, அங்கே போய் இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் ஆரம்பித்தது." ஒவ்வாமையின் இயல்பே அதுதான். முதல் வசந்தத்தில் உடம்பு அந்தப் புல்லின் மகரந்தத்தை அறிமுகம் செய்துகொள்கிறது. அடுத்தடுத்த வசந்தங்களில் அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்து வைக்கிறது. போதுமான அளவு சேர்ந்த பிறகு ஒரு நாள் காலையில் தும்மல் தொடங்குகிறது. லண்டனில், டொரன்டோவில், மெல்போர்னில் இதை ஹே ஃபீவர் என்று சொல்லி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வார்கள்.

மெல்போர்னில் 2016 நவம்பர் 21ஆம் தேதி என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இதைச் சாதாரணமாக விட்டுவிட மனம் வராது. அந்த நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மைல் கணக்கில் மேய்ச்சல் நிலம். அதில் ரை புல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது பூக்கும். அன்றைக்குக் கடும் வெயில். மாலையில் இடிமழையோடு காற்று திசை மாறியது. சாதாரண நாளில் புல்லின் மகரந்தத் துகள் மூக்கிலேயே தங்கிவிடும். நுரையீரலின் அடிவரை போக முடியாத அளவுக்கு அது பெரியது. ஈரம் பட்டால் அது உப்பி வெடிக்கிறது. ஒரு ரை புல் மகரந்தத்துக்குள் சுமார் 700 மாவுத் துணுக்குகள். அவை ஒவ்வொன்றும் மூச்சுக் குழாயின் கடைசிக் கிளை வரை போகக்கூடிய அளவு நுண்ணியவை. அன்று இரவும் மறுநாளும் மூச்சுத்திணறி அவசரப் பிரிவுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆம்புலன்சுகள் போதவில்லை. 10 பேர் இறந்துபோனார்கள்.

வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. வசந்தத்தில் தும்முவார்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் பிறகு தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவையும் மற்ற ஆசிய நாடுகளையும் பூர்வீகமாகக் கொண்டவர்களின் பங்கு, அந்த நகரத்தின் மக்கள்தொகையில் அவர்களுக்கு இருக்கும் பங்கைவிட அதிகம். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்!

என் தங்கை மகள் அவர்களில் ஒருத்தி. அந்த வருஷத்துக்குப் பிறகு அவளுடைய டாக்டர் அவளை ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பினார். ஒருமுறை அவளோடு ஊசி போடும் இடத்துக்கு நானும் போயிருந்தேன். ஊசி என்றால் போனோம், சட்டையை மடித்தோம், வந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் நர்ஸ் வரிசையாகக் கேள்வி கேட்டார். காய்ச்சல் உண்டா? இந்த வாரம் இழுப்பு வந்ததா? போன தடவை கை எவ்வளவு வீங்கியது, எத்தனை மணி நேரம் இருந்தது? புதிதாக ஏதாவது மாத்திரை? கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா? பிறகு ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூச்சின் வேகத்தை அதில் பார்த்து எழுதிக்கொண்டார். அதற்கப்புறம்தான் குளிர்ப்பெட்டியிலிருந்து சின்னக் குப்பி வெளியே வந்தது. உள்ளே இருந்த மருந்து தெளிவாக இல்லை. அடியில் வெண்மையாகப் படிந்திருந்தது. நுரை வராதபடி குப்பியை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்து, மோர் நிறத்துக்கு வந்த பிறகு சிரிஞ்சில் எடுத்தார். மேல் கையின் வெளிப்புறத் தோலைக் கிள்ளித் தூக்கி, ஊசியைச் சாய்வாக ஏற்றி, ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்த்து, அவசரமே இல்லாமல் மருந்தைத் தள்ளினார். சதைக்குள் போகக் கூடாது, ரத்தக் குழாய்க்குள் போகவே கூடாது. அத்தனை கவனமும் அதற்காகத்தான்.

"பெரியம்மா, உடனே கிளம்ப முடியாது. அரை மணி நேரம் இங்கதான் உட்காரணும்" என்றாள். பக்கத்து மேசையில் அட்ரினலின் ஊசி தயாராக இருந்தது. கையில் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு எழும்பி, மெல்லச் சிவந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, அலுவலக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண் அந்தக் கையிலேயே இருந்தது.

அந்த வெண்ணிறப் படிவில்தான் இந்தச் சிகிச்சையின் சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1819இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தன் கண்ணும் மூக்கும் மார்பும் படும் பாட்டை ஒரு நோயாளியின் வரலாறு போல எழுதி மருத்துவச் சங்கத்தில் வாசித்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். அவருக்கும் அதே நோய். புல்லின் மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே வைத்துப் பார்த்தார், தோலைக் கீறி அதில் தடவிப் பார்த்தார், பட்டம் கட்டி மேலே அனுப்பி உயரத்தில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று பிடித்துப் பார்த்தார். 1873இல் அது புத்தகமாக வந்தது. இன்றைக்கு ஒவ்வாமை நிபுணர் முன்கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனைக்கு மூதாதை, பிளாக்லி தன் கையில் போட்டுக்கொண்ட அந்தக் கீறல்தான்.

ஊசி 1911இல் வந்தது. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்டு நூன் என்ற இளைஞர், திமொத்தி புல்லின் மகரந்தத்தை நீரில் சாறெடுத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போய் ஊசி போட்டார். மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது? நோயாளியின் கண்ணில் மகரந்தச் சாறு ஒரு சொட்டு விடுவார். எந்த அடர்த்தியில் கண் சிவக்கிறது என்று குறித்துக்கொள்வார். சில வாரம் ஊசி போட்ட பிறகு, கண் சிவக்க முன்னைவிட அடர்த்தியான சாறு தேவைப்பட்டால் உடம்பு பழகிவருகிறது என்று பொருள். அளவை மீறினால், அவசரப்பட்டால், உடம்பின் முரண்டு கூடுகிறது என்பதையும் அவரே கண்டு எழுதிவைத்தார். இன்றுவரை ஒவ்வொரு ஊசி அட்டவணையும் அந்த எச்சரிக்கையைப் பின்பற்றித்தான் நடக்கிறது.

மகரந்தத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, ஊசி போட்டால் அதற்கு நஞ்சுமுறி உடம்பில் உண்டாகும் என்று நூன் நினைத்தார். அந்தக் கருத்து தவறு. மகரந்தத்தில் நஞ்சு எதுவும் இல்லை. அதைப் பகையாக எடுத்துக்கொண்டது உடம்புதான். ஆனால் சிகிச்சை சரியாக இருந்தது. 1913இல் காசநோயால் அவர் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. உடன் வேலை பார்த்த ஜான் ஃப்ரீமன் அதைத் தொடர்ந்து நடத்தினார்.

நூனின் மருந்து நீர்ச்சாறு. அதில் ஒரு சங்கடம் உண்டு. தோலுக்கடியில் போட்ட நீர்ச்சாறு விரைவாக ரத்தத்தில் கலந்துவிடும். அப்படிக் கலக்கும்போது உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் தோல் தடித்து, மூச்சு இறுகி, ரத்த அழுத்தம் விழலாம். அதனால் அளவைத் துளித்துளியாகத்தான் கூட்ட முடியும். ஊசிகளின் எண்ணிக்கை ஏறும். மருந்தை அங்கேயே கையில் நிறுத்தி, நாள்கணக்கில் கசிய விட்டால் என்ன? சர்க்கரைக்குப் பதில் கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது போல.

அதற்கு வழி காட்டியது நம் வீடுகளில் இருக்கும் படிகாரம். கலங்கல் தண்ணீரில் போட்டால் அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் படியுமே, அதே படிகாரம். 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தைப் படிகாரம் போட்டுப் படியவைத்தால் அது பல மடங்கு வீரியத்தோடு வேலை செய்கிறது என்று கண்டார். ஊசி போட்ட இடத்தில் எழும்பிய சிறு கட்டியை அறுத்து அரைத்து வேறொரு விலங்குக்குச் செலுத்தினால், அதற்கும் எதிர்ப்பு வந்தது. மருந்து இன்னும் அங்கேயே இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்று அவர் முடிவுகட்டினார். மகரந்த ஊசிகளும் இதே வழிக்கு வந்தன. இன்று பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற பசையில் மகரந்தப் புரதத்தை ஒட்டவைக்கிறார்கள். குப்பியின் அடியில் நான் பார்த்த வெண்மை அதுதான். அது கிடங்காக மட்டும் இருப்பதில்லை, எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பவும் செய்கிறது என்பது பின்னால் தெரிந்தது. இந்த மருந்தை உறையவைத்துவிட்டால் பசை திரிந்துபோகும், பிறகு பயன்படாது. வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

வேறு வழிகளும் உண்டு. டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டவைத்த ஊசி சில நாட்களில் தடயமில்லாமல் கரைந்துவிடும். அலுமினியம் வேண்டாம் என்பவர்களுக்கு அது தோதானது. மகரந்தப் புரதத்தையே வேதிமுறையில் திருத்தி, ஒவ்வாமையைத் தூண்டும் குணத்தைக் குறைத்துவிட்டுப் பசையில் ஏற்றுகிறவையும் இருக்கின்றன. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது டாக்டரின் வேலை.

மெதுவாகக் கரைய வேண்டும் என்ற ஆசை ஒருமுறை அளவு மீறியும் போனது. அமெரிக்காவில் மேரி லவ்லெஸ் முதலானவர்கள் மகரந்தச் சாற்றைக் கனிம எண்ணெயில் குழைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒரே ஊசி போதும் என்பது அவர்கள் கனவு. 1950களில் அதற்கு நல்ல வரவேற்பு. ஆனால் எண்ணெய் கரையவே இல்லை. போட்ட இடத்தில் கட்டியும் சீழும் கண்டு, அந்த முறை கைவிடப்பட்டது. தங்கிக் கரைய வேண்டும், தங்கியே போய்விடக் கூடாது. அலுமினியப் பசையிலும் சிலருக்குத் தோலுக்கடியில் அரிக்கும் சிறு முடிச்சுகள் மாதக்கணக்கில் இருக்கும். ஆபத்தில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பிற்காலத்தில் இந்தத் துறையைத் தோளில் சுமந்தவர் வில்லியம் ஃபிராங்க்லண்ட். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக 1941 கடைசியில் சிங்கப்பூர் போனார். அங்கே இரண்டு மருத்துவமனைகள். யார் எதற்குப் போவது என்று அவரும் இன்னொரு மருத்துவரும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குப் போனவர், ஜப்பானியப் படை உள்ளே புகுந்து வெட்டிச் சாய்த்தவர்களில் ஒருவராகிவிட்டார். ஃபிராங்க்லண்ட் போர்க்கைதியாக மூன்றரை வருஷம் கிடந்து உயிரோடு திரும்பி, அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் கீழ் வேலை பார்த்து, 108 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார். நாட்டின் மகரந்த அளவை அன்றாடம் பத்திரிகைகளுக்கு அறிவிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அவர். அதைவிட முக்கியமானது 1954இல் ரோசா அகஸ்டினோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு. யாருக்கு மகரந்த மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்று போடுபவருக்கும் தெரியாமல், போட்டுக்கொள்பவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனை. மகரந்த மருந்து போட்டவர்கள்தான் தெளிவாகத் தேறினார்கள். நாற்பது வருஷமாக நம்பிக்கையின் பேரில் போட்டுவந்த ஊசிக்கு அன்றுதான் முறையான ஆதாரம் கிடைத்தது.

உடம்புக்குள் என்ன மாறுகிறது? 1960களில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சனும் பென்னிச்சும் ஐஜிஇ-யைக் கண்டுபிடித்த பிறகு படம் தெளிந்தது. மூக்கின் உள்தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் இந்த ஐஜிஇ உட்கார்ந்திருக்கிறது. மகரந்தம் வந்து தொட்டதும் செல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. அரிப்பு, தும்மல், நீர். மாத்திரை அந்த ஹிஸ்டமினைத் தடுப்பதோடு நின்றுவிடும். ஊசியோ வேருக்குப் போகிறது. மெல்லக் கசியும் மகரந்தத்தை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, 'இது பகையில்லை' என்று சண்டையை அடக்கும் டி செல்கள் உருவாகின்றன. ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் பெருகி, மகரந்தத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. இப்படி ஒரு தடுப்புப் பொருள் சிகிச்சை பெற்றவர்களின் ரத்தத்தில் இருக்கிறது என்பதை நியூயார்க்கில் ராபர்ட் குக் 1935லேயே காட்டியிருந்தார்.

இந்தப் பாடம் உடம்புக்கு ஏற நாளாகும். மெல்லக் கரையும் ஊசியை முதலில் வாரம் ஒன்று வீதம் அளவைக் கூட்டிக்கொண்டே போடுவார்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முழு அளவை எட்டியதும் நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. அப்படி மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1999இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், மூன்று நான்கு வருஷம் ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய பிறகும் குறைந்தது மூன்று வருஷம் பலன் நின்றது. அதே லண்டனிலிருந்து 2017இல் வந்த இன்னோர் ஆய்வில் இரண்டு வருஷத்தோடு நிறுத்திப் பார்த்தார்கள். போட்டுக்கொண்டிருந்தபோது நன்றாக இருந்தார்கள். நிறுத்தி ஒரு வருஷம் ஆனபோது, மருந்தே போடாதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. முதல் வசந்தத்தில் தும்மல் குறைந்ததும் 'சரியாகிவிட்டதே, இனி எதற்கு?' என்று நின்றுவிடுகிறவர்கள், செலவழித்த காசையும் பட்ட குத்தையும் வீணாக்குகிறார்கள். சொல்ல வருத்தமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு நன்மை. புல், பிர்ச் மர மகரந்த ஒவ்வாமை உள்ள 205 குழந்தைகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், மூன்று வருஷம் ஊசி போட்ட பிள்ளைகளில் ஆஸ்துமாவுக்கு ஆளானவர்கள் குறைவு. பத்தாம் வருஷத்தில் பார்த்தபோதும் அப்படியே. மூக்கில் தொடங்கியது மார்புக்கு இறங்காமல் தடுக்க முடியும் என்றால், ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்!

ஆபத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1986இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. 1957 முதல் அந்நாட்டில் இந்த ஊசிகளால் 26 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமா உள்ளவர்கள். ஊசியைத் தெருமுனை மருத்துவரிடமும் போட்டுக்கொண்டு உடனே வெளியேறிய காலம் அது. அதன் பிறகு, உயிர்காக்கும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே போட வேண்டும், போட்ட பின் நோயாளியை இருத்திப் பார்க்க வேண்டும் என்று ஆனது. அமெரிக்காவில் எடுத்த கணக்கு ஒன்று, சுமார் 25 லட்சம் ஊசிக்கு ஓர் உயிரிழப்பு என்கிறது. அந்த ஒன்றும் நேராமல் இருக்கத்தான் அந்த அரை மணி நேரக் காத்திருப்பு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது போடக் கூடாது. காய்ச்சலோடு போடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆபத்தில் கைகொடுக்கும் அட்ரினலினை அது மழுக்கிவிடும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். மெல்லக் கரையும் மருந்து என்பதால் கை வீக்கம் வீடு திரும்பிய பின்னும், மறுநாள் வரைக்கும்கூட வரலாம். அன்றைக்கு ஓட்டம், உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல் வேண்டாம்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு நாக்கின் கீழ் வைக்கும் புல் மகரந்த மாத்திரை ஐரோப்பாவில் 2006லிருந்து இருக்கிறது. வீட்டிலேயே எடுக்கலாம், ஆனால் தினமும் எடுக்க வேண்டும். அதற்கும் மூன்று வருஷம்.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. இங்கே காற்றில் மிதப்பது சீமைக் கருவேலம், சவுக்கு, ஆமணக்கு, பார்த்தீனியம், அருகம்புல்லின் மகரந்தம். 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகச் சொல்லப்படும் பார்த்தீனியம் மூக்கையும் கெடுக்கும், தோலையும் கெடுக்கும். அருகம்புல்லும் ஐரோப்பியப் புற்களும் உறவுதான் என்றாலும் தூரத்து உறவு. திமொத்தி, ரை புற்களில் இருக்கும் முக்கியமான ஒவ்வாமைப் புரதம் ஒன்று அருகம்புல்லில் கிடையாது. அதனால் லண்டனிலோ மெல்போர்னிலோ ஒருவருக்குக் குணம் தந்த ஊசி மதுரையில் இருக்கும் அவர் தம்பிக்கு அப்படியே பொருந்திவிடாது. தவிர, நம்மில் வருஷம் முழுக்கத் தும்முகிறவர்கள் பலருக்குக் காரணம் மகரந்தமே இல்லை, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி. அதற்கும் இதே வகை ஊசி இருக்கிறது, ஆனால் மருந்து வேறு. முன்கையில் குத்திப் பார்த்தோ ரத்தப் பரிசோதனையிலோ எது என்று தெரிந்து, அது உங்கள் தும்மலின் காலத்தோடும் இடத்தோடும் பொருந்துகிறதா என்று டாக்டர் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் ஊசி. சோதனையில் பத்துப் பன்னிரண்டு பொருளுக்குத் தடித்தது என்று எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலந்து கொடுத்தால், "இதில் எது என் நோய்க்குக் காரணம்? ஒவ்வொன்றும் எவ்வளவு அளவு?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீர்ச்சாறா, மெல்லக் கரைவதா என்றும் கேளுங்கள். வாரக்கணக்கும் காத்திருப்பும் அதைப் பொறுத்து மாறும்.

என் தங்கை மகள் மூன்று வருஷத்தை முடித்துவிட்டாள். நவம்பரில் இடிமழை எச்சரிக்கை வந்தால் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்தான் இருக்கிறாள், இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தும்மல் முழுக்கப் போய்விடவில்லை. மாத்திரை இல்லாமல் வசந்தத்தில் வேலைக்குப் போய் வர முடிகிறது என்கிறாள். இந்தச் சிகிச்சை கொடுப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இரவில் மூடிய வாயோடு தூங்க முடிகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வாமை நிபுணர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சம்மதித்திருக்கிறார். எழுதும்போது எந்த மாதத்தில் தொடங்குகிறது, வீட்டுக்குள்ளா வெளியிலா, இரவில் இழுப்பு உண்டா, இப்போது எடுக்கும் மாத்திரைகள் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் காலத்தையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். புல் பூப்பதற்குச் சில மாதம் முன்பே ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் என்றால் ஏப்ரல், மே மாதங்களிலும், இங்கிலாந்திலும் கனடாவிலும் என்றால் செப்டம்பர், அக்டோபரிலும் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிடட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்